வெர்னாவும் எண்பத்தேழும்

எண்பத்தேழு என்றாலே எங்கள் ஊர் கிரிக்கெட் ஆட்களுக்குப் பயம். நூற்றுக்கு ராசியில்லாத பதின்மூன்று குறைவாம், அதனால் பீடையாம். அந்த ஸ்கோரில் நிற்கிறவள் அவுட் ஆகியே தீருவாளாம். வளர்ந்த பொம்பிளைகள், பிள்ளை பெற்றவர்கள், இதை முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொல்வார்கள். கேட்டாலே குமட்டும்.

வெர்னா குயில்டிக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், எங்கள் பெண்கள் அணியில் முதலில் இறங்குகிறவள். முரட்டு வாய். யாராவது எண்பத்தேழைத் திட்டினால் பேட்டைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு வருவாள்.

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. முதல் நாலு பகா எண்ணு. ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கிக் கூட்டுங்கடி. நாலு, ஒம்போது, இருபத்தஞ்சு, நாப்பத்தொம்போது. என்ன வருது?"

"பீடை வருது," என்பாள் கேப்டன் லோரெய்ன் பாஸ்கோ. எல்லோரும் சிரிப்பார்கள்.

"எண்பத்தேழு வருதுடி! பாத்தா பகா எண்ணு மாதிரியே நிக்கும், மூணால வகுத்தா பொசுக்குனு உடைஞ்சிடும். எவ்ளோ அழகான திருட்டு எண்ணு! அதப் போய்த் திட்டுறீங்களே, மண்டூகங்களா!"

வெர்னாவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று, அதற்குப் பிறகு விளையாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஆட்டம்தான் கடைசி. இத்தனை வருடத்தில் அவள் ஒரு தடவைகூட நூறு அடித்ததில்லை. அன்றைக்கு அடிப்பாள் போலிருந்தது. பந்தைத் துவைத்து எடுத்தாள்.

நான் சீக்கிரமே அவுட் ஆகியிருந்ததால், எங்கள் வழக்கப்படி, வெள்ளைக் கோட்டை மாட்டி லெக் பக்கம் அம்பயராக நின்றேன். வெர்னா எண்பத்தாறு. எதிர்முனையில் லோரெய்ன். கூடாரத்திலிருந்து ஒரே கூச்சல்: "ரெண்டா ஓடு வெர்னா! ஒத்தை ரன் வேணாம்!" எவ்வளவு கேவலம்!

வெர்னா கவர் பக்கம் பந்தைத் தட்டிவிட்டு ஓடினாள். நடந்தே எடுக்கலாம் அந்த ஒரு ரன்னை. லோரெய்ன் அசையவில்லை.

"வேணாம்! திரும்பிப் போ! எண்பத்தேழு!" என்று கையை நீட்டிக் கத்தினாள்.

வெர்னா பாதித் தூரம் வந்திருந்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். கீப்பர் பந்தை வாங்கி, அவசரமே படாமல் ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸைத் தட்டினாள். விரலைத் தூக்க வேண்டியவள் நான். தூக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு அருவருப்பாக எதையும் செய்ததில்லை.

டீ நேரத்தில் லோரெய்ன் வாய் நிறைய லாமிங்டன் கேக்கோடு வந்து வெர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். உதட்டில் தேங்காய்த்துருவல்.

"கோவிச்சுக்காதடி. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். எண்பத்தேழுல அவுட் ஆகியிருந்தா எவ்ளோ அசிங்கம்!"

"ஆமா ஆமா, தப்பிச்சே," என்றார்கள் மற்றவர்கள். சீ! ஒருத்திக்காவது வெட்கம் இல்லை.

வெர்னா கால் பேடை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வார் கைக்கு அகப்படவில்லை. நான் குனிந்து அவிழ்த்துவிட்டேன்.

"அவுட் ஆகியிருப்பேன்னு உனக்கு யாருடி சொன்னா?" என்றாள் வெர்னா.

"எதுக்கு வம்புன்னுதான்... அடுத்த ஆட்டத்துல அடிச்சுக்கலாமே."

"எனக்கு அடுத்த ஆட்டம் இல்ல, லோரெய்ன்."