சாவி எதிர்வீட்டில்

நிறுவனங்கள் தங்கள் கோப்புகளை இணைய மேகத்துக்குக் கொண்டுபோகும்போது என்னென்ன ஆபத்துகள் கூடவே வருகின்றன என்பதுதான் என் முதுகலை ஆய்வு. நாற்பது வயதைத் தாண்டி, வேலையையும் பார்த்துக்கொண்டு, உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்காதவர் இல்லை. பத்து பாகாட்டில் துணி ஆலைகள், பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகள் என்று கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எல்லாரும் எங்களிடம் எல்லாம் பத்திரம் என்று ஒரே வரியில் கதவைச் சாத்தினார்கள். தன் வீட்டுப் பூட்டு சரியில்லை என்று முன்பின் தெரியாதவளிடம் யார் சொல்வார்கள்? ஆய்வை மூட்டை கட்டிவிடலாம் என்று இருந்தபோது அம்மாதான் சொன்னார், "எங்க சங்கமும் இப்ப கிளவுட்லதான் இருக்கு. வந்து பாரேன்."

அம்மா உறுப்பினராக இருப்பது மாசாயில் உள்ள ஒரு மரண உதவிச் சங்கம். வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, வண்டி, பூசாரி, வந்தவர்களுக்குச் சாப்பாடு என எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். ரப்பர் தோட்டங்களை விட்டு அடுக்குமாடிகளுக்கு வந்தவர்கள் ஆரம்பித்தது. அதன் செயலாளர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக் காகிதங்கள் ஒரு மழையில் ஊறிப்போன பிறகு எல்லாவற்றையும் அவர்தான் கிளவுடில் ஏற்றினார். ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், பிள்ளைகளின் தொலைபேசி எண், கூடவே தானாக ஒரு விவரமும் சேர்த்திருந்தார். யார் யார் தனியாக இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது. முன்பு ஒரு பெரியவர் இறந்தது தெரியாமல் கிடந்து, கதவை உடைக்க வேண்டி வந்ததாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அம்மாவின் வரிசையை இரண்டு முறை படித்தேன். 'தனியாக இருக்கிறார். மகள் கெலாங் பாத்தாவில். சாவி எதிர்வீட்டில்.'

நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே செயலாளர் மாரடைப்பில் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து அறையில் தலைவரும் நானும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். செயலாளரின் மனைவி எங்களுக்குச் சாப்பிட நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். யார் யாருக்கு உள்ளே நுழைய உரிமை இருக்கிறது என்று நான் பார்த்தேன். தலைவர் ஒருவர். இன்னொருவர் செயலாளர். வட்டத்துக்குள் அவர் படம், சிரித்த முகம், நெற்றியில் திருநீறு.

"இவர இன்னும் எடுக்கலையா, தலைவரே?"

"எப்படிம்மா எடுக்கறது? வருஷ தெவசம் முடியட்டும். அக்காவும் கேட்டுக்கிட்டாங்க."

எத்தனையோ பேரை அடக்கம் செய்த சங்கம் அது. தன் செயலாளரை மட்டும் விட மனமில்லாமல் வைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. செயலாளரின் மனைவி எதிரிலேயே இருந்ததால் விழுங்கிக்கொண்டேன். உறுப்பினர் பட்டியலைத் திறந்து, ஆய்வுக்காகக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் திரையின் மேல் மூலையில் அந்த வட்டம் தோன்றியது. அதே சிரிப்பு, அதே திருநீறு. ஒரே பட்டியலை இருவர் திறந்தால் மற்றவரின் முகம் இப்படித்தான் வரும். அவர் கணக்கிலிருந்து யாரோ அந்த நிமிடம் உள்ளே வந்திருந்தார்கள்.

"அலமாக்," என்று பதறினார் தலைவர். அவர் கை தானாகக் கும்பிட்டது.

"அக்கா, அவர் போன் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"சாமி ரூம்ல, படத்துக்கு முன்னால. அணைச்சுத்தான் வெச்சிருக்கேன்." அந்த அம்மா திரைக்கு அருகே வந்து நின்றார்.

வந்தவர் பார்க்கும் இடத்தைக் காட்டும் பச்சை நிறக் கட்டம் ஒன்று பட்டியலில் இறங்கத் தொடங்கியது. சாவி பற்றிய பத்தியில் மட்டும்தான் போனது. பிள்ளைகளோடு இருப்பவர்களைத் தாண்டியது. தனியாக இருப்பவர்களிடம் நின்றது. நின்று, படித்து, அடுத்தவருக்குப் போனது. அவசரமே இல்லை. அம்மாவின் வரிசையிலும் நின்றது.

"எடுத்துடறேன், தலைவரே."

தலைவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டுமே. அவரே வந்து பாக்கற மாதிரி இருக்கு."

"அது அவரில்ல அக்கா. திருடன். அவர் முகத்தப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்." குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினார். நான் செயலாளரை நீக்கினேன். முகம் போயிற்று, பச்சைக் கட்டமும் போயிற்று. அவர் கடவுச்சொல் எப்படி வெளியே போனது என்று இன்றுவரை தெரியாது.

தலைவர் ஒவ்வொரு உறுப்பினராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் கிட்ட குடுத்த சாவிய உடனே வாங்கிடுங்கம்மா."

"அதான் நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்களே. சங்கத்துலேருந்து ஒரு தம்பி வந்தாராம். நகல் எடுக்கணும்னு சொன்னாராம். ஐசி நம்பர், உன் பேரு, நீ கெலாங் பாத்தாவுல இருக்கறது எல்லாம் சரியாச் சொன்னாராம். அப்புறம் அவங்க குடுக்காம என்ன செய்வாங்க?"

"உள்ள தாழ்ப்பா போட்டுக்குங்க. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதீங்க," என்றேன். சங்கத்திலிருந்து அம்மா வீட்டுக்குப் பதினைந்து நிமிட வழிதான். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே காரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. அன்றே பூட்டை மாற்றினோம், போலீசில் புகாரும் கொடுத்தோம். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பூட்டுத்தான் மாற்றியாயிற்றே, அப்புறம் என்ன பயம் என்றார் அம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் அம்மா எப்போதும் கோயிலில் இருப்பார். அன்று முட்டிவலி என்று போகவில்லை. அவர் கோயிலுக்குப் போகும் நேரம் சங்கத்தின் பட்டியலில் கிடையாது. யாரோ கீழே நின்று பார்த்து வைத்திருந்தால்தான் தெரியும்.

படுத்திருந்தவருக்குக் கதவில் சாவி நுழையும் சத்தம் கேட்டிருக்கிறது. சாவி திரும்பவில்லை. எடுத்து மறுபடி நுழைத்திருக்கிறார்கள். அம்மா எழுந்து போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, யாரு என்று கேட்டிருக்கிறார். பிறகு ஒரு ஆண் குரல், தமிழில், மரியாதையாக, "சங்கத்துலேருந்து வந்திருக்கோம்மா" என்றதாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் சாகலப்பா, போயிட்டு அப்புறம் வாங்கன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் மெதுவாக, "என்னைய வந்து கூட்டிட்டுப் போயிடும்மா," என்றார்.