பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பீடத்துக்குப் பக்கத்துத் திரையில் ஒரு பாட்டு எழும்பியது. இப்போதெல்லாம் பாட்டுப் புத்தகம் கிடையாது, சுவரைப் பார்த்துத்தான் பாடுகிறோம். 'ஆண்டவரே, என் ஆண்டவரே, இருக்கிறவர் நீரே' என்று கோயில் முழுக்கப் பாடியது. என் வாய் மட்டும் பழக்கதோஷத்தில் 'யாவே' என்று தொடங்கிப் பாதியில் நின்றது. இரண்டெழுத்துக்குப் போட்ட மெட்டு அது. அதில் ஐந்தெழுத்தை ஏற்றினால், ஒரே மொபெட்டில் குடும்பமே ஏறிப் போவதுபோல நெருக்கியடித்துக்கொண்டுதான் உட்காரும். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்குக் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை நினைவுக்கு வந்தது.

கடவுளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில் எங்களுக்கு எப்போதுமே குழப்பம்தான். வீட்டுப் பழைய செபங்களில் அவர் சர்வேசுரன். புது மொழிபெயர்ப்பில் ஆண்டவர், கடவுள். எதிர்வீட்டுச் சபைக்காரர்களின் காலண்டரில் கர்த்தர். அவர்களே மனமுருகிச் செபிக்கும்போது யெகோவா. "எந்தப் பேரச் சொன்னாலும் அவருக்கு வெளங்கும், போயி வேலையப் பாரு" என்பார் என் அப்பா.

'யாவே' என்ற பெயரை எங்கள் பாடற்குழுவுக்குக் கொண்டுவந்தவர் லூக்காஸ் அண்ணன். அதை வைத்து அந்தப் பாட்டை எழுதியவரும் அவர்தான். மின்துறையில் வேலை. மாலையில் ஆர்மோனியம். தபாலில் விவிலியப் படிப்பு ஒன்று படித்துக்கொண்டிருந்ததால், பயிற்சிக்கு நடுவே பாடம் எடுக்கிற வியாதியும் உண்டு. உருகிய மெழுகு வாசனையும் வௌவால் வாசனையும் கலந்த பாடகர் மாடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு சனிக்கிழமை சொன்னார்:

"யூதர்கள் அந்தப் பேர எழுதுவாங்க, வாய்விட்டுப் படிக்க மாட்டாங்க. அது வர்ற எடத்துல ஆண்டவர்னு படிச்சிட்டுப் போயிருவாங்க. அவங்க எழுத்துல மெய் மட்டுந்தான் எழுதுறது. உயிர படிக்கிறவங்கதான் சேர்த்துக்கணும். சொல்லாமயே வச்சிருந்தாங்களா, எந்த உயிர் சேரணுங்கிறதே மறந்துபோச்சு. யாவேங்கிறது ஆராய்ஞ்சு சொல்ற உச்சரிப்புதான்."

"அப்ப நாம மட்டும் ஏன் பாடுறோம்?" என்று கேட்டேன்.

"கூப்புடத்தானே பேரு" என்றார்.

அவருடைய மனைவி மரினெத் அக்கா அப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள்தான் எங்கள் குழுவின் முதல் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் புருஷன் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஏங்க" என்பாள். அவரைப் பற்றிப் பேசினால் "அவங்க". வங்கியில் ஒருமுறை புதிதாக வந்த குமாஸ்தா விடாமல் கேட்டபோது, "மத்தேயு, மாற்கு, அதுக்கு அடுத்தவர்" என்றாளாம். அந்த ஆள் இந்து. ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறார். நற்செய்தி எழுதிய நாலு பேரில் மூன்றாமவர் லூக்காஸ் என்று பின்னால் வரிசையில் நின்ற நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவளைக் கேலி செய்யாதவர்கள் குழுவில் கிடையாது. "மரியாதன்னு இல்லடி, வாய்க்கு வரல, அவ்வளவுதான்" என்பாள்.

அவர்களுடைய ஒரே மகளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

சுனாமி வந்தது கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை. லூக்காஸ் அண்ணன் ஒரு தூக்குவாளி நிறையப் பலகாரம் எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போயிருந்தார். அங்கே செல்வம் என்று ஒரு மீனவர், அவரோடு படித்தவர். தீபாவளிக்கு அங்கிருந்து இங்கே, கிறிஸ்துமசுக்கு இங்கிருந்து அங்கே என்று வருஷா வருஷம் நடப்பதுதான். அன்று செல்வம் ஆழ்கடலில் படகில் இருந்தார். அதனால் பிழைத்தார்.

நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம். பாதியிலேயே இறக்கிவிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் சேறுதான். செல்வத்தின் வீடு இருந்த இடத்தில் வாசற்படி மட்டும் இருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை நான் வழித்துப் போட்டது எதற்கென்று இன்றைக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய அழிவுக்கு நடுவே எனக்குச் செருப்பு முக்கியமாக இருந்திருக்கிறது.

அக்கா கூப்பிட ஆரம்பித்தாள். "ஏங்க... ஏங்க..."

கோயிலில் மாடத்திலிருந்து வாசல்வரை எட்டுகிற குரல். சேற்றில் தேடிக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் வேறு சிலர் திரும்பினார்கள். அவர்களும் அவரில்லை. தள்ளி ஒரு பெண்ணும் அதே மாதிரி "ஏங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கவிழ்ந்த படகை நிமிர்த்திக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "அக்கா, எல்லாப் பொம்பளையும் ஏங்கன்னுதான் கூப்புடுறாங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க. உள்ள எங்கயாச்சும் கெடந்தாருன்னா காதுல விழட்டும்."

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். என் கையை இறுக்கிப் பிடித்துத் தடுத்துவிட்டு, கடலைப் பார்த்து அவளே கூப்பிட்டாள்.

"லூக்காஸ்."

இந்த முறை யாரும் திரும்பவில்லை.

இருட்டும்வரை அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வந்த நாட்களில் ஆஸ்பத்திரியிலும், தாலுகா ஆபீசிலும், காணாமல்போனவர் பெயர் என்ன என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். உடல் கிடைக்கவே இல்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் ஏற்ற ஒரு கல்லறை கிடையாது. மாடத்துக்கு வந்து 'யாவே' பாட்டைப் பாடிவிட்டுப் போவாள். பாடும்போது அந்தப் பெயர் வரும் இடத்தில் அவள் குரல் கொஞ்சம் நீளும். பதில் வருகிறதா என்று கேட்பதுபோல இருக்கும்.

சில வருஷம் கழித்து ரோமாபுரியிலிருந்து அறிவிப்பு வந்தது. வழிபாட்டிலும் பாட்டிலும் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டாம், ஆண்டவர் என்றே சொல்லுங்கள் என்று. அப்போது நான் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். எங்கள் பங்குக் கோயிலின் பாட்டுப் புத்தகம் எங்களிடம்தான் வந்தது. கம்ப்யூட்டரில் 'யாவே' வரும் இடத்தில் எல்லாம் 'ஆண்டவரே' போடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினேன். வேலை நொடியில் முடிந்தது. மாதா பாட்டில் 'மரியாவே' எல்லாம் 'மரிஆண்டவரே' ஆகியிருந்ததைப் பங்குச் சாமியார்தான் கண்டுபிடித்தார். இளவயதுக்காரர், நல்லவர். திட்டவில்லை, சிரித்தார்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு நாங்கள் மறுபடி திருத்திக்கொண்டிருந்தபோது அக்கா கடைக்கு வந்தாள். டோனர் வாசனை அவளுக்கு ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஃபாதர், அவங்க எழுதின பாட்டுல மட்டும் விட்டுட முடியாதா?"

அவருக்குச் சங்கடம். இது தடை மாதிரி இல்லை, மரியாதை என்று விளக்கினார். பிறகு, அக்காவின் கதை தெரியாமல், "நம்ம வீட்டுப் பொம்பளைங்க வீட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டாங்கல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்குங்களேன்" என்றார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

"நானும் சொல்லாமத்தான் இருந்தேன் ஃபாதர்" என்றாள் அக்கா. "ஒரு நாளு சொல்லிக் கூப்புட்டேன். வரல."

மின்விசிறிக் காற்றில் அச்சுத்தாள்கள் படபடத்தன. அவள் கொஞ்சநேரம் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துருங்க ஃபாதர். பேரச் சொல்லிக் கூப்புட்டு வரலன்னா, கூப்புட்டவங்களுக்கு அப்புறம் ஒண்ணும் மிச்சமில்ல. சும்மா ஆண்டவரேன்னா, எப்பயாச்சும் வருவாருன்னு இருக்கலாம்."

சாமியார் எழுந்து போய் அவள் முன்னால் நின்றார். சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். அவள் போன பிறகு, அந்தப் பாட்டை நான் பொத்தானை அழுத்தித் திருத்தவில்லை. ஒவ்வொரு இடமாகப் போய்க் கையால் அடித்தேன். அன்றிலிருந்து அவள் யாவே என்ற பெயரையும் சொல்லவில்லை, புருஷன் பெயரையும் சொல்லவில்லை. லூக்காஸ் அண்ணன் பழையபடி "அவங்க" என்றாகிவிட்டார்.

மகள் கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனாள். பின்னாலேயே அக்காவும் போனாள். பாரீசுக்கு வெளியே ஏதோ ஓர் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். குளிர், ரொட்டி, பேரப்பிள்ளைகளின் தமிழ். ஒருமுறை சொன்னாள்: "இங்க டாக்டர், ரொட்டிக்கடை எல்லா எடத்துலயும் என்னைய மதாம் லூக்காஸ்னுதான்டி கூப்புடுறாங்க. பாஸ்போர்ட்ல அவங்க பேருதானே பின்னாடி இருக்கு. மொதல்ல தூக்கிவாரிப் போட்டுச்சு. இப்ப, இந்தா வர்றேன்னு நானே எந்திரிச்சுப் போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போன வருஷம் அவளும் இறந்துபோனாள். டிடிபி சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மாடத்துக்கு யாரும் ஏறுவதில்லை. கிளிஞ்சல்மேட்டில் புது வீடுகள், புதுப் படகுகள். லூக்காஸ் என்று சொன்னால் இன்னும் நாலு பேருக்காவது ஞாபகம் வரும். அந்தப் பெயரைச் சொல்லாமலே அவரைக் கூப்பிடத் தெரிந்த குரல்தான் இப்போது எங்கும் இல்லை.