சொல்லாமல் வைத்த நிறம்

எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்காகத்தான். வேலை உத்தரவில் 'களப்பணியாளர்' என்று கௌரவமாகப் போட்டிருந்தார்கள். எழுபதுகளின் கடைசியில், சென்னையிலிருந்து வந்த ஒரு டாக்டர் ஜவ்வாது மலையில் டி.பி. நோயாளிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார். பழைய மருந்தை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிட்டு, மறுபடி படுத்துச் செத்துப்போனவர்கள் மலையில் நிறைய. புது மருந்து சில மாதங்களிலேயே குணமாக்கும் என்றார்கள். மலை ஊர்களில் அது சரிவருமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. யாருக்குப் பழைய மருந்து, யாருக்குப் புதிது என்பதை ஒட்டிய கவரைப் பிரித்து, உள்ளே இருந்த சீட்டைப் பார்த்து முடிவு செய்தார்கள். கொடுத்த மருந்தை நோயாளி நிஜமாகவே விழுங்குகிறாரா என்று கண்டுபிடிப்பது என் வேலை.

வாரம் ஒருநாள் ஜமுனாமரத்தூர் சந்தையில் மருந்து கொடுப்போம். நடுவில் ஏதாவது ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், நோயாளியின் வீட்டு வாசலில் போய் நிற்பேன். மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவேன். பிறகு ஒரு சின்ன பாட்டிலை நீட்டிச் சிறுநீர் கேட்பேன். புது மருந்து சிவப்பு கேப்சூல். அதை விழுங்கினால் சில மணி நேரத்தில் சிறுநீர் சிவந்துவிடும். சிவப்பாக இருந்தால் ஆள் விழுங்கியிருக்கிறார். இல்லையென்றால் நம் காதில் பூச்சுற்றுகிறார். இவ்வளவுதான் என் விஞ்ஞானம். பக்கத்துக் காவலூரில் பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறம் மாறும் என்பதை நோயாளிகளிடம் சொல்லவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சொன்னேன்னா குங்குமத்தைக் கரைச்சுக் குடுத்துடுவாங்கப்பா" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் ஒடுகத்தூர் கடைத்தெருவில் வளர்ந்தவன். நிலக்கடலை மூட்டைக்குள் கல்லைப் போட்டு எடை ஏற்றுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு மனிதர்கள் மேல் எங்கிருந்து நம்பிக்கை வரும்?

கவரில் சிவப்பு கேப்சூல் விழுந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷனுக்குக் கொஞ்சம் சாமைக் காடு. பால் மறந்து நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் அவர்கள் ஊர்; மொத்தமே இருபது முப்பது வீடுகள். முதல் இரண்டு தடவை நான் போனபோது எண்ணிக்கையும் சரி, பாட்டிலும் சிவப்பு. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏதோ கேட்க வருவதுபோல இருக்கும். நான் செய்தித்தாளில் பாட்டிலைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது இல்லை என்று அப்போது ஒரு திமிர்.

மூன்றாம் தடவை அவள் வீட்டில் இல்லை.

"காட்டுக்குப் போயிருக்கா சார்" என்றான் புருஷன். சொல்லும்போது தரையைப் பார்த்தான்.

அந்த வாரம் சந்தைக்கும் அவள் வரவில்லை. அவன்தான் வந்தான். "மேலுக்கு முடியல சார், எங்கிட்ட குடுங்க" என்றான். அடுத்த வாரமும் அவன்தான். மறுபடி ஊருக்குப் போனேன். மறுபடி "காட்டுக்குப் போயிருக்கா." மேலுக்கு முடியாதவள் காட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு மறுபடி தரையைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டேன். அவர்களும் அதே தரையைப் பார்த்தார்கள். ஊரே சேர்ந்து எதையோ மறைக்கிறது என்று தெரிந்துபோயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்த ஊரில் குரைக்கிற நாய்கூடக் கூட்டுக் களவாணியாகத் தெரிந்தது.

அடுத்த சந்தையில் மருந்தைக் கொடுத்துவிட்டு அவன் பின்னாலேயே போனேன். மருந்துக் கடைப் பக்கம் ஒதுங்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பாத்திரக்காரனிடம் போய் ஓர் அலுமினியச் சட்டியும் தட்டும் டம்ளரும் வாங்கினான். எல்லாம் ஒவ்வொன்றுதான். ஒரே ஆளுக்கான சாமான். பெண்டாட்டிக்கு டி.பி. என்று தெரிந்ததும் அவளை அடித்துத் துரத்திவிட்டு, அவள் பேரில் மருந்து வாங்கி விற்று, வேறு குடித்தனம் வைக்கிறான் என்று அங்கேயே நின்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் நோட்டிலும் எழுதினேன். 'கணவர் மேல் பலத்த சந்தேகம்.'

சும்மா வம்புக்காக நான் இப்படி அலையவில்லை. இந்த மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எது கொடுத்தாலும் கேட்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் செத்துப்போவாள். போகிற போக்கில் அந்தக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

பத்து இருபது நாள் கழித்துப் போனபோது அவள் வீட்டில் இருந்தாள். குழந்தை அவள் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று சேலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கேப்சூலை எண்ணினேன். ஒன்றுகூடக் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. பாட்டிலைக் கொடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி வெளுப்பாக வந்தது.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. புருஷனைப் பார்த்துக் கத்தினேன்.

"மருந்த யாருக்குய்யா விக்கிற? சர்க்கார் மருந்துய்யா இது. போலீஸ்ல சொன்னா உள்ள போய்டுவ, தெரியுமா?"

அவன் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கூச்சல் கேட்டு ஊர்க்கவுண்டர் வந்துவிட்டார். அந்த ஊருக்கு நல்லது கெட்டது எல்லாம் தீர்த்து வைக்கிறவர் அவர். அவர் பின்னால் நாலைந்து பெண்களும் வந்தார்கள்.

அவள் குழந்தையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் மண். அதை என் காலடியில் போட்டாள். சிவப்பு மை கொட்டியதுபோல மண் ஊறிப்போயிருந்தது. நடுவில் பாதி கரைந்த கேப்சூல்கள்.

"அவரு ஒண்ணும் விக்கல. தினத்துக்கும் ஒண்ணு நான்தான் பொதச்சேன். சும்மா எறிஞ்சா கோழி கொத்திடும்."

"ஏம்மா? இன்னாத்துக்கு?"

அவள் புருஷனைப் பார்த்தாள், ஊர்க்கவுண்டரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"இத முழுங்கினா எனக்கு நிக்கவே மாட்டேங்குது சார்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது உட்கார இடம் தேடினேன்.

அந்த ஊரில் மாதவிலக்கான பெண்கள் வீட்டில் இருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே ஒரு குடிசை உண்டு. நின்ற பிறகு குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வரலாம். அவர்களுக்குத் தனிச் சட்டி, தனித் தட்டு. ஒருநாள் விடியற்காலையில் பெண்கள் சேர்ந்து ஒதுங்கப் போனபோது பாறையில் சிவப்பைப் பார்த்தவள் ஒருத்தி, விலக்கு என்று நினைத்து ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். இவளைக் குடிசைக்கு அனுப்பினார்கள். தினமும் கேப்சூல் விழுங்கினாள். தினமும் சிவப்பு. இவளும் நிற்கும் நிற்கும் என்று ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கிறாள். குழந்தை ஊர் எல்லையில் நின்று கத்துமாம். ஓடிவந்து அம்மாவைத் தொட்டுவிட்டால் அதற்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு தடவை ஊற்றிக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த பிறகு, அவள் விழுங்குவதை நிறுத்தினாள். மறுநாளே நின்றுவிட்டது. இதை எந்தப் புருஷன் அயலூர் ஆணிடம் வாய்விட்டுச் சொல்வான்? காட்டுக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்வான்.

"அது ரத்தம் இல்லம்மா. மருந்தோட சாயம். யாரு முழுங்கினாலும் அப்படித்தான் வரும்" என்றேன்.

ஊர்க்கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

நீங்கள் ஏமாற்றுவீர்கள் என்று நினைத்தோம் என்று எப்படிச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நின்றேன்.

"அப்ப சொல்லாதவரு இப்ப சொல்றத நாங்க ஏன் நம்பணும்?" என்றார் அவர். பெண்கள் கூட்டத்தில் ஆமாம் என்று முனகல் எழுந்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் அந்த ஊரை எப்படிப் பார்த்தேனோ அப்படியே அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது நான் செய்தது எந்த விதியிலும் இல்லாத காரியம். அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து, எல்லார் முன்னாலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். ஊர் நடுவில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் வந்தது. யாரும் வேலைக்குப் போகவில்லை. நான் புதரோரம் போக எழுந்தபோது ஊர்க்கவுண்டர் கூடவே எழுந்தார்.

"சட்டப் பாக்கெட்ட காட்டுங்க."

"எதுக்குங்க?"

"நடுவுல இன்னாத்தையாவது கலந்துட்டீங்கன்னா?"

பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். கையை விரிக்கச் சொன்னார். கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சென்னை டாக்டருக்கும் இவருக்கும் இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பாட்டில் நல்ல சிவப்பாக வந்தது. அவர் அதை வாங்கி, என்னைப் போலவே வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

பெண்களில் ஒருத்தி, "அப்ப சாரையும் குடிசைல கொண்டு போய் உக்கார வைங்க" என்றாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். கேப்சூலைப் புதைத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இனி அவளைக் குடிசைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று ஊர்க்கவுண்டர் சொன்னதை அவள் வெளியே வந்து கேட்கக்கூட இல்லை.

டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் விழுங்கியதையும் சொன்னேன். அவர் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். ஒரு வாரத்துக்கு மேல் மருந்து தவறினால் ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்தார். ஆனால் மருந்தை நிறுத்தவில்லை. சளியை மறுபடி சோதித்து, அதே கேப்சூலை முதல் நாளிலிருந்து தொடங்கச் சொன்னார். இனி ஒவ்வொரு நோயாளியிடமும் நிறத்தைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். அறிக்கையில் அவள் 'ஒத்துழைக்காதவர்கள்' பத்தியில் இருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

புது டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கை நீட்டவில்லை.

"இன்னும் இன்னா இன்னா சொல்லாம வெச்சிருக்கீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கவரைப் பிரித்து மருந்து முடிவானதை, ஆராய்ச்சியிலிருந்து அவள் பெயரை எடுத்ததை, அவள் புருஷனைச் சந்தையில் பின்தொடர்ந்ததை. புருஷன் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். அவள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"முழுங்கறேன். ஆனா இனிமே வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க. திருடியப் புடிக்க வர்ற மாதிரி வந்து நிக்காதீங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் சந்தையிலேயே, "நாளன்னிக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் பாட்டில் சிவப்பாகவே இருந்தது. அங்கேதான் எனக்கு வியாதி பிடித்தது. வரப்போகிறேன் என்று தெரிந்தால், அன்றைக்கு மட்டும் ஒன்றை விழுங்கிவிட்டு மற்ற நாளில் புதைக்கலாமே? அவளை இன்னும் குடிசைக்கு அனுப்புகிறார்களோ என்னவோ, யார் கண்டது? இரண்டு மாதம் இந்த நினைப்போடு அல்லாடினேன். ஒருநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி, சொல்லாமலே போய் நின்றேன்.

சாமை அறுப்பு முடிந்திருந்தது. அவள் களத்தில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறி, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. நோய் முழுதாகக் குணமாகி, சளியில் கிருமி இல்லை என்று சீட்டு வந்தது அதற்குப் பிறகுதான். அன்று எனக்கு அது தெரியாது. என்னைப் பார்த்ததும் முறம் நின்றது. களத்தோரம் கட்டியிருந்த மாட்டைப் பார்க்க வந்ததாகச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். நேராக வந்து, என் பைக்குள் தானே கையை விட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து என் கையில் வைத்தாள். நல்ல சிவப்பு.

"நிம்மதியா சார்?" என்றாள்.

நிம்மதியாகத்தான் இருந்தது. அழுதுவிடுவேன்போல அத்தனை நிம்மதி. ஆமாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.