கதிரவனுக்குத் தூக்கிய கை

மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனால் முதலில் வருவது அடுத்தவர் எச்சில் வாடைதான். அப்புறம் உதட்டில் "சுருக்"கென்று ஒரு சின்ன ஷாக். எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அந்த வாடைக்காக நான் பறந்துகொண்டிருந்தேன். கன்னிவாடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மாவட்டப் பேச்சுப்போட்டிக்குத் தேர்வானவள் நான் ஒருத்திதான். ஜெயித்தால் மாநிலப் போட்டி, சென்னை, ரயில்! ரயிலை அதுவரை ரயில்வே கேட்டில் நின்று பார்த்ததோடு சரி. சோறு இறங்கவில்லை, ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. "காலுல சக்கரமாடி கட்டியிருக்கு? செத்த நேரம் சும்மா இரு" என்று அம்மா கத்தாத நாள் கிடையாது.

"உழைப்பே உயர்வு" என்பது தலைப்பு. தமிழய்யா பேச்சை எழுதிக் கொடுத்ததோடு கைக்கும் பயிற்சி கொடுத்தார். "கதிரவன் உதிக்கிறான்" என்னும்போது வலது கை இடுப்பிலிருந்து மெல்ல எழும்பி நெற்றிக்கு மேலே போய் விரிய வேண்டும். "உழைப்பு" வந்தால் முஷ்டி. நடுவில் நானாக இரண்டு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் போச்சு, அவருக்கு மூக்கு விடைத்துவிடும். "ஏ புள்ள, ஒம் பேச்செல்லாம் வீட்டோட வச்சுக்க. மேடையில நான் எழுதுனதத்தான் பேசணும்" என்பார். நானும் மாட்டுக்கொட்டத்தில் எருமைக்கு முன்னால் நின்று கதிரவனை உதிக்க வைத்துக்கொண்டே இருந்தேன்.

போட்டியன்று திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லி போட்டுவிட்டு, காலிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மா அப்படியே போட்டி மண்டபத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதலில் ஏறிய பையன் கையைத் தூக்கினான், கதிரவன் உதித்தான். அட, நம்ம பேச்சு! அடுத்து ஏறிய ரெட்டைச் சடைக்காரிக்கும் அதே கதிரவன், அதே நெற்றி, அதே முஷ்டி. மூன்றாவது பையனுக்குக் கை எழும்பியபோது நடுவர் ஒருவர் கொட்டாவி விட்டார். தமிழய்யாவைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஊர்த் தமிழய்யாக்களும் ஒரே கைடைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. நான்காவதாக ஒரு கதிரவனை உதிக்க வைக்க வெட்கமாக இருந்தது. கையை இறக்கிவிட்டு எங்கள் வீட்டைப் பற்றி, பூப்பறிக்கிறதைப் பற்றி என்னென்னவோ பேசினேன். கூட்டம் சிரித்தது, கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், அப்புறம் சிரிப்பு நின்று மண்டபமே கப்சிப்பென்று ஆனது. அம்புட்டுத்தான் ஞாபகம். இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. பரிசு ரெட்டைச் சடைக்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னோடு பேசவே இல்லை. தோற்றதில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். மறு வருஷம் கதிரவனை ஒழுங்காக உதிக்க வைத்தேன், கோப்பை வாங்கினேன், ரயிலும் ஏறினேன்.

இன்று சென்னையில் ஒரு கம்பெனியில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேடையேறிப் பேசுவதுதான் என் உத்தியோகம். நல்ல பெயர், நல்ல சம்பளம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பேசி இறங்கும்போதெல்லாம் எதையோ விட்டுவிட்டு வந்தவள் மாதிரி கைப்பையைத் திறந்து திறந்து பார்க்கிறேன். போன வாரம் ஊரிலிருந்து அண்ணன் மகள் போனில், "அத்தே, பேச்சுப்போட்டிக்கு நீ சின்னப்புள்ளையில பேசுனதச் சொல்லித் தா" என்றாள். கதிரவன் மடமடவென்று வந்தான், ஓர் எழுத்துப் பிசகவில்லை. "ஐயே, இது வேணாம், எல்லாரும் இதான் பேசுறாங்க. நீயா ஒண்ணு பேசுனியாமே, அப்பத்தா சொன்னுச்சு, அதச் சொல்லு." அது ஒரு வரிகூட வரவில்லை. எங்கே போய்த் தொலைந்ததோ!

அம்மா போனை வாங்கினாள். "ஒனக்கு மறந்துரும்டி. 'எங்கம்மா கருக்கல்ல எந்திரிச்சுப் பூப்பறிக்குது, வெயில்ல களையெடுக்குது. ஒழைச்சா ஒசரலாங்கிறீக, எங்கம்மா ஏன் இன்னும் ஒசரல?'ன்னு அம்புட்டுச் சனத்துக்கு முன்னால கேட்டியே, எனக்கு மறக்குமா?" அப்புறம், "இப்ப நீ அனுப்புற வீடியோவெல்லாம் பாக்குறேன். அழகாத்தான் பேசுற. ஒண்ணும் வெளங்கல. அன்னைக்குப் பேசுனது வெளங்குச்சு. அதான் பஸ்ஸுல ஒன் மொகத்தப் பாக்க முடியல" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் மேடையில் மைக்கைப் பிடித்தேன். இந்த மைக்குக்கு வாடையே கிடையாது. வாயைத் திறப்பதற்கு முன்பே கை இடுப்பிலிருந்து எழும்பியது. பாதியில் பிடித்து இறக்கினேன். எதிரே அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வார்த்தை எனக்குத் தெரியவில்லை.