சிவப்பு எழுத்து இல்லாத இடம்

பல் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. தம்பி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை அவள் இருப்பிடம். இரண்டு இடத்திலும் அவள் பேச்சு எடுபடாது. ஆனால் ஓர் இணைய மன்றத்தில் ஒன்பது வருடமாக அவள் ராணி. பதினொரு பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, எழுதி எழுதியே ஒரு தீவு ராஜ்ஜியத்தை நடத்தினார்கள். யாருடைய சொந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது. கறுப்பில் எழுதினால் பாத்திரம் பேசுகிறது, சிவப்பில் எழுதினால் ஆள் பேசுகிறார். காய்ச்சல், பரீட்சை, வீட்டுச் சாவு எல்லாம் சிவப்பில் வரும்.

அந்த மன்றத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மாற்று இடம் பார்க்கும் வேலை ராணியின் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஐந்து தளங்களை அலசினாள். அவளுக்கு யாரும் இத்தனை பொறுமையாக மாப்பிள்ளை பார்த்ததில்லை. ஒன்றில் நீளமாக எழுத முடியாது, ஒன்றில் பழைய பக்கங்களைத் தேட முடியாது.

“ராஜ்ஜியத்த எங்க மாத்துறீங்க, அண்ணி?” என்று தம்பி மனைவி சிரித்தாள்.

இந்த அலைச்சலெல்லாம் உண்மையில் ஒருவருக்காக. கதையில் அவர் படகோட்டி. வாரத்துக்கு ஒருமுறைதான் எழுதுவார், அதை வைத்து அவளுக்கு அந்த வாரம் ஓடிவிடும். அவரை இழந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவர் கேட்டதும் ஒன்றுதான், சிவப்பு எழுத்து இருக்கும் இடமாகப் பாருங்கள் என்று. அப்படி ஒரு தளம் இருந்தது. ஆனால் இளவட்டங்கள் உடனுக்குடன் பதில் வரும் அரட்டைச் செயலிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள். அங்கே நிறம் கிடையாது. கதைக்கு ஓர் அறை, சொந்தப் பேச்சுக்கு ஓர் அறை என்று பிரித்ததோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

படகோட்டி வந்தார். ஆனால் ஒரு பதிலுக்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டார். காட்சி நகரவில்லை என்று மற்றவர்கள் முணுமுணுத்தது எல்லாம் அவளிடம்தான் வந்தது. ஒரு மத்தியானம் அவர் கதை அறையில் எழுதினார்: “ராணி, கை வரவில்லை. இனித் துடுப்புப் போட முடியாது. விடை கொடுங்கள்.”

கதை அறையில் வந்தது கதைதானே. “விடை கிடையாது. உழைக்க மனமில்லாதவனுக்கு என் தீவில் இடமும் கிடையாது” என்று எழுதினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டு துடுப்பை ஒடித்துக் கடலில் போட்டார்கள். பிரமாதமான காட்சி என்று பாராட்டு வேறு. படகோட்டி அதன்பின் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, டோக்கன் வரிசை நீண்டு நிற்கும்போது, அவர் பெயரிலிருந்து செய்தி வந்தது.

“நான் அவரோட தங்கச்சி. அண்ணனுக்கு ரெண்டு கையும் விழுந்துடுச்சு. ஒரு வருஷமாவே ஒத்த விரல்லதான் தட்டிட்டிருந்தார். இன்னொரு ரூம் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியல. ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றார். அன்னைக்கு அதச் சொன்னது ராணியா, நீங்களா?”

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று அவர்மேல் எரிச்சலாக இருந்தது. சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான், ராணியை முன்னால் நிறுத்திக்கொண்டு அவளே சொன்னாள்.

“ராணிதான்” என்று தட்டினாள்.

உடனே பதில் வந்தது. “அதானே, அவங்க அப்படிச் சொல்றவங்க இல்லன்னு அண்ணன் அப்பவே சொன்னார்.”

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.