எண்பத்தாறில் ஒரு பெயர்

பெங்களூரில் ஒருத்தி, எழுத்தைத் தடிப்பாக்கும் போல்ட் பொத்தானை எதிர்த்து மூன்று வருடம் போராடினாள். ஊர்வலம் கிடையாது, உண்ணாவிரதம் கிடையாது. மாதச் சம்பளம் உண்டு.

பெயர் ரூபினி. வயது முப்பத்து நான்கு. கோலார் தங்கவயலில் பிறந்து அடுகோடியில் குடியிருப்பவள். தொம்மலூரில், தட்டச்சு செய்வதற்கான மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவள்தான். ஒவ்வொரு வரியாகத் தேர்ந்து பெரிதாக்கு, தடிப்பாக்கு என்று கட்டளை போடுவது அவளைப் பொறுத்தவரை காட்டுமிராண்டித்தனம். 'இது தலைப்பு', 'இது பெயர்' என்று வரிக்கு அதன் வேலையைச் சொல்லிவைப்பதே நாகரிகம். அதற்கு ஸ்டைல் என்று பெயர். ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால், பிறகு எல்லாப் பெயர்களையும் ஒரே சொடுக்கில் பெரிதாக்கலாம். ஒன்றுகூட விட்டுப்போகாது.

இதற்காகத் திரையின் வலப்பக்கம் ஒரு பலகை கட்டினாள். போல்ட் பொத்தானை மூன்று அடுக்குக்குக் கீழே புதைத்தாள். ஜனங்கள் தோண்டி எடுத்தார்கள். தங்கவயல்காரிக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நூறு பேரில் நான்கு பேர்தான் பலகையைத் தொடுகிறார்கள் என்று கணக்கு வந்தது. மேலதிகாரி பிரகாஷ் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை முடிவு பண்ணிடலாம் ரூபினி. பலகைய யூஸ் பண்ணாம ஒரு ஆள் உண்மையிலேயே மாட்டிக்கிட்டான்னு காட்டு, வெச்சுக்கலாம். இல்லாட்டி தூக்கிடலாம். பேஜார் பண்ணிக்காத."

வியாழக்கிழமை அவள் சிவாஜிநகரில் வின்சென்ட்டின் டி.டி.பி. கடைக்குப் போனாள். தங்கவயல் பழக்கம். அன்று அவர் கையில் இருந்தது தன் பங்குக் கோயிலின் கல்லறைத் திருநாள் புத்தகம். அந்த வருடம் இறந்த எண்பத்தாறு பேரின் பெயர்கள். புதிய மென்பொருளில் அதைச் செய்யச் சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட சோதனைக்கு ஒரு விதி உண்டு. பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது. உதவினால் சோதனை கெட்டுவிடும்.

வின்சென்ட் பலகையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "இதுல 'உடல்'னு ஒண்ணு போட்டிருக்கியே, யாருதும்மா அது? கல்லறைத் திருநாள் புக்குல பாத்து வெக்கக்கூடாதா?"

சாதாரணப் பத்தி என்பதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. ரூபினி தலைகுனிந்து எழுதிக்கொண்டாள். வின்சென்ட் போல்ட் பொத்தானைத் தேடிப் பிடித்து, பெயர் பெயராகத் தடிப்பாக்கினார். முடித்த நேரத்தில் சாமியாரின் போன். போன வருசம் வயசானவங்களுக்குத் தெரியல, பெயரெல்லாம் பெருசா வரட்டும்.

"ஆகட்டும் ஃபாதர்."

எழுத்தின் அளவைப் பதினாறாக்க முதலிலிருந்து ஆரம்பித்தார். தேர்ந்தெடு, பதினாறு. தேர்ந்தெடு, பதினாறு. நாற்பதாவது பெயரில் டீ வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்பத்திரண்டிலிருந்து தொடர்ந்தார்.

ரூபினி பார்த்தாள். நாற்பத்தொன்று, டென்சில். பழைய அளவிலேயே நின்றது. 'தவறு: ஒன்று' என்று எழுதினாள். விதி வாயைக் கட்டியது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. அந்தத் தவறு அவளுக்குத் தேவைப்பட்டது. எப்படியும் அச்சுக்கு முன்னால் அவர் சரிபார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வின்சென்ட்டின் போன். "நான் மோசம் போயிட்டேன்மா. டென்சில் வீட்டம்மா கல்லறையில எல்லார் முன்னாடியும் புக்க தூக்கிக் காட்டிடுச்சு. வேணும்னே பண்ணேங்கறாங்க. கல்லறையில தண்ணி குழா போடச் சொல்லி டென்சில் பங்குப் பேரவையில சண்டை போட்டான் இல்ல? நானும் பேரவையில இருக்கேனே. நீயும் கூடவே உக்காந்திருந்த. உன் கண்ணுக்கும் படலயே, பாரு."

ரூபினி ஆட்டோ பிடித்து வந்து, அவரையும் கூட்டிக்கொண்டு டென்சிலின் மனைவி ஜெனிஃபர் வீட்டுக்குப் போனாள்.

ஜெனிஃபர் புத்தகத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். "ஆளு குட்டைதான். சுரங்கத்துல எல்லாரும் குள்ளான்னுதான் கூப்டுவாங்க, அவரும் சிரிப்பாரு. செத்த பெறகுமா வின்சென்ட்டு?"

"அங்கிள் மேல தப்பு இல்ல ஆன்டி. விட்டுப்போனத நான் பாத்தேன். பாத்துட்டு சொல்லல."

வின்சென்ட் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன்?"

"பேசக்கூடாதுன்னு ஆபீஸ் ரூல்." கொஞ்சம் நிறுத்தினாள். "தப்பு நடந்தா எனக்கு நல்லது, அதனாலயும்தான்."

"வேற அச்சடிச்சுத் தரேன் ஜெனிஃபர்," என்றார் வின்சென்ட்.

"யாருக்கு? பேரு வாசிச்சாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. இந்த புக்குல ஒரு மனுசன் பேரு ஒரே ஒரு தடவதான் வரும். அடுத்த வருசம் வேற ஆளுங்க."

டீ கொடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை ரூபினி நடந்ததைச் சொன்னாள். பிரகாஷ் நாற்காலியில் நிமிர்ந்தார். "இதுதான் நமக்கு வேணும்! பலகைய வெச்சுக்கலாம். அந்த அம்மா போட்டோ ஒண்ணு கெடைக்குமா?"

"கெடைக்காது. பலகையும் வேணாம் சார். பேரு ஒவ்வொண்ணையும் ஒரே மாதிரிதான் பண்ணணும்னு வின்சென்ட் அங்கிளுக்கு முன்னாடியே தெரியும். அத நம்ம பலகைக்கு வந்து சொல்லணும்னு நாமதான் உக்காந்திருந்தோம். விட்டுப்போனப்ப அது வாயே தெறக்கல. நானும் தெறக்கல."

மூன்று வருடத்துப் பலகையைத் தன் கையாலேயே பிரித்தாள். போல்ட் பொத்தான் மேலே வந்தது. கை செய்வதை மென்பொருள் கவனித்து, தேவைப்படும்போது மட்டும் கீழே ஒரு வரி காட்டும்படி மாற்றினாள்.

பிப்ரவரியில் அதே கடை, அதே நோட்டு. வின்சென்ட் அவளை முன்போல வரவேற்கவில்லை. ஆனாலும் நாற்காலி போட்டார். சோதனைக்கு எந்தக் கோப்பு வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவரே கல்லறைத் திருநாள் கோப்பைத் திறந்தார்.

திரையின் அடியில் வரி வந்தது. 'இதுபோல எண்பத்தைந்து வரிகள் உள்ளன. ஒன்று மட்டும் சிறியது. அப்படியே இருக்கட்டுமா?'

வேண்டாம் என்று அழுத்தினார். டென்சில் மற்றவர்கள் அளவுக்கு எழுந்தான். அடுத்த வரி வந்தது. 'இவற்றை என்னவென்று அழைக்கலாம்?'

வின்சென்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'ஆத்துமாக்கள்' என்று அடித்தார். ரூபினி விதிப்படி வாய் திறக்கவில்லை.

அச்சடிக்க யாரும் கேட்கவில்லை. வின்சென்ட் கோப்பைச் சேமித்து மூடினார்.