ஆடி மாதத்துக் கீரை

என் வீட்டுக்காரர் ஸ்ரீராம்புரத்தில் தெருக் கூட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய் உலோகத்தில் செய்ததை வைத்தார்கள். அந்த உலோகத்தின் மேல் பட்டால் ரத்தம் அதைக் காயம் போல எண்ணி உறையப் பார்க்குமாம். உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் போச்சு. அதனால் உறையவிடாத மாத்திரை, உயிர் இருக்கும்வரை. அதுவும் கூடிப்போனால் பல் தேய்க்கும்போது ஈறில் வரும் ரத்தம்கூட நிற்காது. இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தி வைக்கத்தான் மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"கீரையில இருக்கற சத்து ரத்தத்த உறைய வைக்கும். ஜாஸ்தி வேணாம்," என்றாள் நர்ஸ்.

இவர் எதையும் பாதியாகச் செய்கிறவர் இல்லை. "பீடிய என்னா கொஞ்சங்கொஞ்சமாவா வுட்டேன்? வுட்டா முழுசா வுடணும்," என்றார். அன்றோடு எங்கள் வீட்டில் கீரை நின்றது. ரசத்தில் கொத்தமல்லித் தழைகூடப் போடக் கூடாது. கீரைக்காரி எங்கள் வாசலில் கூவாமல் போகப் பழகினாள். கீரையே இல்லாத அந்தச் சாப்பாட்டுக்குத்தான் மாத்திரையின் அளவும் பொருந்தி நின்றது. அது எங்களுக்குத் தெரியாது.

ஆடி வந்தது. எங்கள் வழக்கத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் கூடவே முருங்கைக்கீரையும் கருவாடும் உண்டு. அந்த வருஷம் என் நாத்தனார் வீட்டில் வேண்டுதல். வாரம் முழுக்க அங்கேதான் சாப்பாடு. அவள் கீரையை அள்ளி வைக்க வந்தபோது இவர் தட்டைக் கையால் மறைத்தார்.

"இன்னாண்ணே, ஆத்தா குடுக்கறதயே வேணாம்ன்றியா? அண்ணிக்கு ஆக்க சோம்பல்னா நீ பட்டினி கெடப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடும்மா. சாமி சோறு, ஒன்னும் பண்ணாது," என்று கையை எடுத்துவிட்டார். அதன்பின் தினமும் சாப்பிட்டார், கேட்டுக் கேட்டு.

அடுத்த வாரம் ஒரு காலையில் லுங்கியைக் கட்ட முடியவில்லை அவருக்கு. வலது கை தொங்கியது. என்னைக் கூப்பிட வாய் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபமாகக் கேட்டார். "மாத்திரைய நிறுத்திட்டாரா?"

"இருக்கும் சார், அண்ணனுக்கு மறதி," என்றாள் நாத்தனார்.

நான் அவளைத் தாண்டி முன்னால் வந்தேன். "இல்ல சார். தெனம் என் கையாலதான் குடுத்தேன். கீரை சாப்ட்டாரு. முருங்கக்கீரை. ஒரு வாரம்."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரின் குரல் இறங்கியது. "சுத்தமா நிறுத்தச் சொல்லலியேம்மா. தெனம் கொஞ்சம், ஒரே அளவா சாப்ட்டிருந்தா அதுக்கேத்த மாத்திர குடுத்திருப்போம். ஒன்னுமே இல்லாத ஒடம்புல திடீர்னு அவ்ளோ போனா மாத்திர எப்டி தாங்கும்?"

இப்போது தினமும் ஒரு கரண்டி சிறுகீரை மசித்து ஊட்டுகிறேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. போன தடவை பார்த்துவிட்டு ரத்தம் சரியான அளவில் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொன்னேன். இடது கையால் கீரைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.